வலி குறைவான வாசெக்டமி: முடிவெடுப்பதிலிருந்து பரிசோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை, செய்துகொள்ளலாம் என்று மனதளவில் ஒத்துக்கொண்ட ஆண்கள்கூடக் கடைசி நேரத்தில் பின்வாங்குவதற்கு வலியைப் பற்றிய பயமே பெரிய காரணம். அந்த இடத்தில் ஊசி, அந்த இடத்தில் கத்தி என்று நினைத்தாலே உடம்பு சுருங்குகிறது. இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. உணர்வு அதிகமுள்ள இடத்தில் அறுவை சிகிச்சை என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் 'ஒண்ணும் வலிக்காது, சும்மா வா' என்ற ஆறுதலால் அந்தப் பயம் போகாது. வலி எங்கே, எதனால் வருகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று விவரமாகத் தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும்.

வாசெக்டமியில் வருவது ஒரே ஒரு வலி இல்லை. தோலில் குத்தும்போது வருவது ஒன்று, உள்ளே விந்தணு செல்லும் குழாயை இழுக்கும்போது வருவது வேறொன்று, வீட்டுக்கு வந்தபின் வருவது இன்னொன்று. 'கத்தி இல்லை', 'ஊசி இல்லை', 'தையல் இல்லை' என்று சொல்லப்படும் முறைகள் இவற்றில் ஒன்றிரண்டை மட்டுமே குறைக்கின்றன. மீதியைத் தீர்மானிப்பவை டாக்டரின் கைப்பழக்கம், மரத்துப்போகும் மருந்தை அவர் செலுத்தும் விதம், அப்புறம் முதல் சில நாட்கள் நீங்கள் எடுக்கும் ஓய்வு. ஆகவே முறையின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வலி வரும் இடங்கள்

விந்தணுக்கள் விரைகளில் உருவாகின்றன. விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் அவை முதிர்ச்சி அடைந்து, விந்துக்குழாய் வழியாக மேலே செல்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விந்துக்குழாய்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம், 2 முதல் 3 மி.மீ. தடிமன். விதைப்பையின் மேல்பகுதியில் தோலுக்குக் கீழேயே இது ஓடுவதால் விரலால் உருட்டிப் பார்த்தாலே தட்டுப்படும். இந்தக் குழாயை வெட்டி அடைப்பதுதான் வாசெக்டமி. வயிற்றைத் திறப்பதில்லை, விரையில் கை வைப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு மயக்க மருந்தும் தேவைப்படுவதில்லை. பெண்களுக்குச் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் இது எளிது, ஆபத்தும் குறைவு.

முதலில் வருவது ஊசிக்குத்து. ஓரிரு நொடியில் முடிந்துவிடும். அடுத்து, மருந்து உள்ளே இறங்கும்போது ஒரு எரிச்சலும் அழுத்தமும். மூன்றாவதாக வரும் வலியைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. டாக்டர் குழாயைப் பிடித்து வெளியே இழுக்கும்போது அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ ஏதோ இழுப்பது போன்ற ஒரு மந்தமான வலி வரும், சிலருக்கு லேசாகக் குமட்டும். குழாயோடு சேர்ந்து ஓடும் நரம்புகள் மேலே அடிவயிற்றுப் பக்கம் போவதால் தொடுவது கீழே என்றாலும் உணர்வது மேலே. தோல் நன்றாக மரத்திருந்தாலும் இந்த இழுப்பு வரலாம், ஏனென்றால் அது தோலின் நரம்பில் வருவதில்லை. நான்காவது, மருந்தின் வேகம் குறைந்த பிறகு வரும் கனமான வலி. உதைபட்டது போல் இருந்தது என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஐந்தாவதாக, சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முடிவெடுக்கும் கட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாசெக்டமியை நிரந்தரமானது என்று எண்ணித்தான் செய்துகொள்ள வேண்டும். வெட்டிய குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது, ஆனால் அது நீண்டது, செலவு அதிகம், குழந்தை பிறக்கும் என்ற உறுதியும் இல்லை. 'இனிமேல் குழந்தை வேண்டாம்' என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

வலியோடு சேர்ந்து வரும் இன்னொரு பயம் ஆண்மை குறைந்துவிடுமோ என்பது. குறையாது. ஆண் ஹார்மோன் ரத்தத்தின் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது, அதற்கும் விந்துக்குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. விறைப்பு, ஆசை, உச்சம் எல்லாம் முன்பு போலவேதான் இருக்கும். வெளிவரும் விந்துத் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது. விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது என்பதால் அளவு குறைந்ததாகக்கூடத் தெரியாது.

தோலைத் திறக்கும் முறை

பழைய முறையில் விதைப்பையின் தோலைக் கத்தியால் ஓரிடத்திலோ இரண்டு இடத்திலோ 1 முதல் 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டுவார்கள். குழாயை அடைத்த பிறகு தையல் போடுவார்கள். இன்றும் சில இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். தவறான முறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைவிட நல்ல முறை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

1974ஆம் ஆண்டு சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் லி ஷுன்ச்சியாங் என்ற மருத்துவர் கத்தியில்லா வாசெக்டமியை உருவாக்கினார். 1980களின் நடுவில் வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கே போய் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகுதான் அது உலகம் முழுக்கப் பரவியது. இதற்கென்று அவர் இரண்டு கருவிகளை வடிவமைத்தார். ஒன்று, நுனியில் சிறு வளையம் கொண்ட இடுக்கி. தோலோடு சேர்த்துக் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். இன்னொன்று, கூரான வளைந்த நுனியுள்ள இடுக்கி. டாக்டர் மூன்று விரல்களால் குழாயைத் தோலுக்கு அருகே கொண்டுவந்து வளைய இடுக்கியால் பிடிப்பார். பிறகு கூர்நுனி இடுக்கியால் தோலில் ஒரு சிறு துளையிட்டு, இடுக்கியின் இரு முனைகளையும் மெதுவாக விரிப்பார். தோல் அறுபடாமல் விலகிக்கொடுக்கும். ரத்த நாளங்களும் அறுபடாமல் ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஒரே துளை வழியாக முதலில் ஒரு பக்கக் குழாயையும் பிறகு மறுபக்கக் குழாயையும் வெளியே எடுத்து அடைக்கலாம். துளை 1 செ.மீ.க்கும் குறைவு என்பதால் பெரும்பாலும் தையல் வேண்டாம், தானாக மூடிக்கொள்ளும்.

ரத்த நாளங்கள் அறுபடாததுதான் இந்த முறையின் உண்மையான பலம். விதைப்பை தளர்வான இடம். உள்ளே ரத்தம் கசிந்தால் அதைத் தடுத்து நிறுத்த இறுக்கமான தசை எதுவும் இல்லாததால் கசிந்தபடியே தேங்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வீக்கத்துக்கும் வலிக்கும் பெரும்பாலும் இந்தத் தேக்கம்தான் காரணம். கத்தி முறையையும் கத்தியில்லா முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கத்தியில்லா முறையில் ரத்தக் கசிவு, ரத்தக்கட்டு, தொற்று, சிகிச்சை நேரத்து வலி ஆகியவை குறைவாக இருந்தன. நேரமும் குறைவு. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் குழாயை வெளியே எடுக்க இந்த முறையையோ, இது போன்ற மிகச் சிறு துளை முறையையோ பயன்படுத்தச் சொல்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இது கைப்பழக்கத்தில் வரும் வித்தை. மூன்று விரலால் குழாயைப் பிடிக்கும் நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ளவே நாளாகும். எப்போதோ ஒன்று செய்யும் டாக்டர் கத்தியில்லா முறையில் செய்வதைவிட, தொடர்ந்து வாசெக்டமி செய்துவரும் டாக்டரின் கை பல மடங்கு மென்மையாக இருக்கும்.

மரத்துப்போக வைப்பது

வலி விஷயத்தில் பாதி வெற்றியோ பாதி தோல்வியோ இங்கேதான் முடிவாகிறது. ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலும் பயன்படுத்தும் மருந்து லிடோகைன், பலருக்கும் தெரிந்த இன்னொரு பெயர் லிக்னோகைன். ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும். ஏறக்குறைய 1 முதல் 2 மணி நேரம் தாங்கும். எந்த மருந்து என்பதைவிட அது எந்த ஆழத்துக்குப் போகிறது என்பதே முக்கியம். தோலுக்கடியில் மட்டும் கொஞ்சம் போட்டால் தோல் மரக்கும், குழாய் மரக்காது. அந்த மூன்றாவது வலி, அதாவது அடிவயிற்று இழுப்பு, அப்படியே இருக்கும். லி ஷுன்ச்சியாங் தன் முறையில் இதற்கும் வழி வைத்திருந்தார். துளையிடும் இடத்திலிருந்து மேல்நோக்கிக் குழாயை ஒட்டியே ஊசியைச் செலுத்தி, குழாயைச் சூழ்ந்திருக்கும் உறைக்குள் மருந்தை இறக்குவது. இதனால் நரம்பு மேலேயே தடுக்கப்பட்டு, கீழே இழுக்கும்போது உணர்வு குறைகிறது. இருபக்கமும் தனித்தனியாக இப்படிப் போட வேண்டும்.

ஊசியின் தடிமனும் முக்கியம். ஊசிகளின் எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். 25ஆம் எண் ஊசி ஏறக்குறைய அரை மி.மீ. தடிமன், 30ஆம் எண் ஊசி 0.3 மி.மீ. மட்டுமே. 30 அல்லது அதைவிட மெல்லிய ஊசியில் மெதுவாகச் செலுத்தினால் குத்து தெரிந்தும் தெரியாமலும் போகும். மருந்து இறங்கும்போது எரிவதற்கு லிடோகைனின் அமிலத்தன்மை ஒரு காரணம். அதோடு சிறிதளவு சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் குறைகிறது என்பது நன்கு நிரூபிக்கப்பட்ட விஷயம். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போடுவதும் உதவும். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், செலவில்லாதவை. கொஞ்சம் பொறுமையுள்ள டாக்டர் இவற்றைச் செய்துவிடுவார்.

ஊசியில்லா முறையில் ஒரு பீச்சுகருவி மருந்தை மிக மெல்லிய தாரையாக்கி, அதிக அழுத்தத்தில் தோல் வழியாகவே உள்ளே செலுத்தும். ஒவ்வொரு தடவையும் ரப்பர் பேண்டைச் சுண்டியது போல ஒரு சத்தமும் தெறிப்பும் இருக்கும். இந்தச் சத்தம் வரும் என்று முன்பே தெரியாவிட்டால் தூக்கிப்போடும். ஊசி என்றாலே மயங்கி விழக்கூடியவர்களுக்கு இது உண்மையான வரம், அவர்கள் இதைத் தேடிப்போவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆதாயம் அவ்வளவு பெரிதில்லை. மெல்லிய ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது முதல் குத்தின் வலியில் சிறு வித்தியாசம்தான் இருந்தது, அதற்குப் பிந்தைய வலியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பீச்சுகருவி இருக்கிறது என்பதற்காக அனுபவம் குறைந்த டாக்டரிடம் போவதா, சாதாரண மெல்லிய ஊசி வைத்திருக்கும் கைதேர்ந்த டாக்டரிடம் போவதா என்றால் நான் யோசிக்காமல் இரண்டாமவரிடம்தான் போகச் சொல்வேன்.

மரத்துப்போகும் கிரீமை முன்கூட்டியே தடவிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது தோலை மட்டும் மரக்கச் செய்யும், முதல் குத்தை ஓரளவு தணிக்கும், அவ்வளவுதான். குழாய் வரைக்கும் போகாது. விதைப்பையின் தோல் மெல்லியது, மருந்தைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டித் தடவக் கூடாது.

மனப்பதற்றம் மிக அதிகமாக இருந்தால் முன்னதாக ஒரு அமைதி மாத்திரை தரச் சொல்லிக் கேட்கலாம். சில இடங்களில் மூச்சோடு இழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவோ, ரத்த நாளம் வழியாக அரை மயக்க மருந்தோ தருவார்கள். இவற்றில் எதை எடுத்தாலும் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். முழு மயக்கம் தேவைப்படுவது அபூர்வம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்து தழும்பு இருந்தாலோ, குழாய் விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்தாலோ அப்படிச் செய்வார்கள்.

உள்ளே குழாயை அடைக்கும் விதம்

இது வலியைவிடப் பலனோடு அதிகம் தொடர்புடையது. குழாயில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் நூலால் கட்டுவது மட்டும் போதாது, அப்படிச் செய்தால் குழாய் மறுபடி சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். முனையின் உட்புறத்தைச் சுட்டுக் கருக்குவதும், இரு முனைகளுக்கும் நடுவே குழாயின் உறையையே ஒரு திரையாக இழுத்து மூடுவதும் நம்பகமானவை. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

விரைப் பக்கத்து முனையை அடைக்காமல் திறந்தே விட்டுவிடும் முறையும் ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் கூடாது, அதனால் பிற்காலத்து வலி குறையும் என்பது அதன் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சான்றுகள் இன்னும் அந்த அளவுக்கு வலுவாக இல்லை. உங்கள் டாக்டர் வழக்கமாக இப்படித்தான் செய்கிறார் என்றால் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே டாக்டரை மாற்ற வேண்டாம்.

டாக்டரிடம் என்ன கேட்பது

வெட்கப்படாமல் கேளுங்கள். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று தொடங்கலாம். கத்தியில்லா முறையா, எந்த ஊசி, குழாயைச் சுற்றியும் மருந்து போடுவீர்களா, மருந்து பிடித்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் தொடங்குவீர்களா, நடுவில் வலித்தால் கூடுதலாக மருந்து போட முடியுமா, அடைப்பதற்கு எந்த முறை, ராத்திரி ஏதாவது பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு' என்ற பதில் வந்தால் வேறு டாக்டரைப் பார்ப்பது நல்லது.

அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமா, மரத்துப்போகும் மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, ரத்தம் உறையாத பிரச்சினை இருக்கிறதா, குடலிறக்கம், விரைவீக்கம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்ததா, ஏற்கெனவே விரையில் வலி இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். காரணம் தெரியாத விரைவலி உள்ளவர்கள் முதலில் அதைச் சரிபார்த்துக்கொண்டு பிறகு வாசெக்டமிக்குப் போவதே நல்லது.

முந்தைய நாட்கள்

ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள் போன்றவற்றை எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய நோய்க்காக எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. வலிக்கு என்ன மாத்திரை என்று முன்பே கேட்டு வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். ஐஸ் பைகளையும் உறைய வைத்துவிடுங்கள்.

முடியை எப்படி, எப்போது நீக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். பிளேடால் மழித்தால் சிறு கீறல்கள் விழுந்து தொற்றுக்கு வழிவகுக்கும், டிரிம்மர் பாதுகாப்பானது. நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான ஜட்டி இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொளதொள உள்ளாடை வேண்டாம். அரை மயக்கம் இல்லை என்றால் பட்டினி தேவையில்லை, லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால்தான் தலைசுற்றல் அதிகம்.

மேஜையில் இருக்கும்போது

மொத்தமே 15 முதல் 30 நிமிட வேலை. குளிர்ந்தாலோ பதற்றமானாலோ விரைகளை மேலே தூக்கும் தசை சுருங்கிக்கொள்ளும். விதைப்பை சுருங்கினால் குழாயைப் பிடிப்பது கஷ்டமாகி, டாக்டர் கூடுதலாக அழுத்த வேண்டிவரும். வலியும் கூடும். ஆகவே அறை குளிராக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வெதுவெதுப்பான துணி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். போவதற்குச் சற்று முன் வெந்நீரில் குளிப்பதும் கைகொடுக்கும்.

மருந்து போட்ட பிறகு அது பிடிக்கும் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். டாக்டர் இடுக்கியால் லேசாகக் கிள்ளிப் பார்க்கும்போது அழுத்தம் மட்டும் தெரிந்தால் சரி, சுருக்கென்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. இரண்டாவது பக்கத்துக்கும் இதே விதிதான். முதல் பக்கம் சுலபமாக முடிந்ததால் இதுவும் அப்படியே என்று நம்பி அவசரப்படும்போதுதான் சிலருக்கு மருந்து பத்தாமல் போகிறது.

குழாயை இழுக்கப்போகும்போது முன்கூட்டிச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்டுவையுங்கள். அந்த நேரத்தில் மூச்சை அடக்காமல் நீளமாக வெளியே விடுங்கள், தொடைகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வியர்த்து, காது அடைத்து, கண் இருண்டு வந்தால் உடனே சொல்ல வேண்டும். கால்களை உயர்த்தி வைத்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். முடிந்ததும் சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். சிகிச்சையின்போது வராத மயக்கம் எழுந்த பிறகு வருவதுண்டு.

முதல் இரண்டு நாள்

மரப்பு இறங்கும் வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். இப்யூபுரோஃபன் சேர்க்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் வலிக்காக வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஐஸ் பையைத் துணியில் சுற்றி, ஜட்டிக்கு மேலேயே 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். தோலில் நேரடியாக வைத்தால் பனிப்புண் வரும். மல்லாந்து படுத்திருங்கள். இறுக்கமான ஜட்டியை ராத்திரியும் கழற்ற வேண்டாம், ஏனென்றால் விரைகள் தொங்கி இழுபடுவதுதான் அந்தக் கனமான வலிக்குத் தூண்டுதல். ஒரு நாள் கழித்துக் குளிக்கலாம், ஆனால் தொட்டியிலோ குளத்திலோ இறங்க வேண்டாம்.

இந்த இரண்டு நாளும் வேலை எதுவும் செய்யாமல் படுத்திருப்பதைவிட நல்ல வலிநிவாரணி இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த நாட்களில் தூக்காமல் இருக்க முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். சின்னக் குழந்தைதானே என்று தோன்றும், தூக்கும்போது அடிவயிறு இறுகத்தான் செய்யும்.

அதற்குப் பிந்தைய நாட்கள்

மூன்றாம் நாள்தான் ஆபத்தான நாள். வலி நன்றாகக் குறைந்திருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். உடனே வண்டியை எடுப்பது, பாரம் தூக்குவது, ஓடுவது. உள்ளே புண் இன்னும் ஆறியிருக்காது, ரத்தம் கசிந்து வீங்கி, ஒரு வாரத்தில் முடிய வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு மூன்று நாளில் திரும்பலாம். உடலுழைப்பு, உடற்பயிற்சி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். உடலுறவுக்கும் சுய இன்பத்துக்கும் அதே ஒரு வாரம். முதல் சில தடவை விந்தில் லேசாக ரத்தமோ பழுப்பு நிறமோ தெரியலாம், பயப்பட ஒன்றுமில்லை.

விதைப்பையிலும் ஆண்குறியின் அடியிலும் தோல் கன்றி நீலமாகவோ மஞ்சளாகவோ மாறுவது, துளையில் ஓரிரு சொட்டுக் கசிவது, உள்ளே சிறு கட்டி போலத் தட்டுப்படுவது எல்லாம் சாதாரணம். வீக்கம் வேகமாகப் பெரிதாகிக்கொண்டே போனாலோ, மாத்திரைக்கு அடங்காமல் வலி கூடினாலோ, காய்ச்சல், சிவப்பு, சீழ் இருந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டோ தொற்றோ 100 பேரில் ஓரிருவருக்கு வரக்கூடியது, சீக்கிரம் பார்த்தால் சுலபமாகத் தீரும்.

பரிசோதனை முடிவு வரும் வரை

குழாயை அடைத்த அன்றே பலன் கிடைத்துவிடாது. அடைத்த இடத்துக்கு மேலே ஏற்கெனவே போய்ச் சேர்ந்த விந்தணுக்கள் தீர வாரக்கணக்கில் ஆகும். 8 முதல் 16 வாரத்துக்குள் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். விந்தணு இல்லை என்றோ, அசையாத ஒரு சில மட்டும் இருக்கின்றன என்றோ முடிவு வந்து டாக்டர் சரி சொல்லும் வரை ஆணுறையோ வேறு கருத்தடையோ கட்டாயம். வலியெல்லாம் போய்விட்டதால் இந்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் சரி சொன்ன பிறகும் கர்ப்பம் உண்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு.

மாதங்கள் கழித்தும் வலி இருந்தால்

முதல் சில வாரங்களில் எபிடிடிமிஸ் பகுதி நிறைந்து கனப்பது, வெட்டிய முனையில் விந்தணுக்கள் கசிந்து சிறு முடிச்சாக நின்று வலிப்பது போன்றவை பெரும்பாலும் தானாகத் தணியும். வெதுவெதுப்பான ஒத்தடமும் இறுக்கமான ஜட்டியும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும் போதுமானவை.

மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருக்கும் வலி 100 பேரில் ஓரிருவருக்கு வருகிறது. முடிவெடுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. யாராவது இதை மறைத்தால் நம்பாதீர்கள். வந்துவிட்டால் 'மனப்பிரமை' என்று சொல்லி அனுப்புவதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிறுநீரியல் (யூராலஜி) நிபுணர்களில் விரைவலியைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவரிடம் போங்கள். சில வாரம் வீக்கம் குறைக்கும் மாத்திரை, நரம்புவலிக்கான மருந்து, இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி என்று படிப்படியாகத்தான் தொடங்குவார்கள். அவை கைகொடுக்காவிட்டால் விரைக்குப் போகும் நரம்புகளை ஊசியால் தற்காலிகமாக மரக்கச் செய்து பார்ப்பார்கள். அப்போது வலி முழுக்கப் போனால், நுண்ணோக்கியின் கீழ் அந்த நரம்புகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை பலன் தரும் என்று எதிர்பார்க்கலாம். வலி எபிடிடிமிஸில் மட்டும் இருந்தால் அதை அகற்றுவதும், அடைப்பினால் வரும் அழுத்தமே காரணம் என்று தோன்றினால் குழாயை மறுபடி இணைப்பதும் மற்ற வழிகள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது வலி எப்போது வருகிறது, எந்த இடத்தில், எதைச் செய்தால் கூடுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஓரிரு வாரம் இவற்றைத் தாளில் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.